விறகு ஸ்டவ் வாங்குமுன்: புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் வாழ்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“அண்ணை, வீட்டில விறகு ஸ்டவ் ஒண்டு போடப் போறன். கடைக்காரர் எல்லாம் ஒண்டுதான் எண்டு சொல்றார். எதைப் பார்த்து வாங்கிறது?”

குளிர் தொடங்கியதும் இப்படி ஓர் அழைப்பாவது எனக்கு வந்துவிடும். லண்டனிலும் அதைச் சுற்றியும் 1930களில் கட்டிய வீடுகளை நம்மவர்கள் நிறைய வாங்கியிருக்கிறார்கள். கூடத்தில் பலகை அடித்து மூடிய பழைய கணப்பு, கூரையில் சும்மா நிற்கும் புகைபோக்கி, மாதம் தவறாமல் வரும் எரிவாயு பில். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, அறையைச் சூடாக்கும் கண்ணாடிக் கதவுள்ள விறகு ஸ்டவ்மேல் ஆசை தானாக வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

எல்லாம் ஒன்றல்ல. கவுன்சிலிலிருந்து கடிதம் வந்த பிறகே இதை நான் சரியாகப் படித்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கிய ஸ்டவ் சட்டப்படி சரியானதுதான். அரசின் பட்டியலில் உள்ளது. பொருத்தியவரும் சான்றிதழ் பெற்றவர். பிழை என் பக்கம். தெருவோரத்தில் வலைப்பையில் கட்டி விற்ற விறகை, “ஒரு வருசம் காய்ந்தது” என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கினேன். இரவு படுக்கப் போகும்போது இரண்டு பெரிய கட்டைகளை உள்ளே வைத்து, விடியும்வரை சூடு நிற்கட்டும் என்று காற்று வழியை முடிந்தமட்டும் அடைத்துவிடுவேன். ஒரே மாதத்தில் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்தது. பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, படுக்கையறை ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்றார். “இது அனுமதி உள்ள ஸ்டவ்” என்று அவரிடம் தாளைக் காட்டினேன். அடுத்த வாரம் கடிதம் வந்தது.

அன்றிரவு தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். காற்றில்லாத இரவு. என் புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறப் புகை மேலே எழும்பாமல் ஓடுகளின் மேல் வழிந்து, அவர் ஜன்னல் பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் குசினியில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. விறகை அங்கே அடுக்கி, அடுப்புச் சூட்டிலேயே காய வைத்துத்தான் அவர் எரிப்பார். ஈர விறகு என்ன செய்யும் என்று ஐந்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே வந்து, தாளில் முத்திரை இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே இதில் ஸ்டவ்வைத் தேர்ந்தெடுப்பது பற்றி எவ்வளவு சொல்கிறேனோ, அவ்வளவு விறகைப் பற்றியும் மூட்டுவதைப் பற்றியும் சொல்லப்போகிறேன். எழுதியிருப்பது இங்கிலாந்தின் விதிகளை வைத்து. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் உள்ளவர்கள் தங்கள் அரசின் பட்டியலையும் அபராத விதிகளையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில், இது தேவையா

விறகுப் புகையில் நம்மை வருத்துவது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். பிரிட்டனில் இந்தத் துகள்களின் பெரிய மூலங்களில் ஒன்று வீடுகளில் விறகு எரிப்பதுதான். இன்று விற்கப்படும் மிகச் சிறந்த ஸ்டவ்கூட எரிவாயு பாய்லரைவிடப் பன்மடங்கு அதிகமாக இதை வெளிவிடுகிறது. “சுத்தமாக எரியும் ஸ்டவ்” என்றால் பழைய கணப்போடு ஒப்பிடும்போது சுத்தம் என்றுதான் பொருள்.

வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ, மூச்சுத் திணறல் உள்ள பெற்றோரோ இருந்தால் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றாலும் யோசியுங்கள். ஒழுங்காகக் காய்ந்த விறகைக் காசு கொடுத்து வாங்கி எரித்தால், அது குழாய் எரிவாயுவைவிட மலிவாக வருவது அரிது. அந்தப் பணத்தைக் கூரைக்கு அடியில் வெப்பக்காப்பு போடவும் ஜன்னல் இடுக்குகளை அடைக்கவும் செலவழித்தால் பலன் நிச்சயம். எரிவாயு இணைப்பு இல்லாத வீடு, அடிக்கடி மின்சாரம் போகும் கிராமப்புறம், சொந்தக் காணியில் மரம் உள்ளவர்கள் ஆகியோரின் நிலைமை வேறு. இதையெல்லாம் யோசித்த பிறகும் வேண்டும் என்றால், மேலே படியுங்கள்.

விதி எங்கிருந்து வந்தது, என்ன சொல்கிறது

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து மூடின. காற்று அசையவில்லை. பகலில் தன் காலடி தெரியாமல் மக்கள் சுவரைத் தடவி நடந்தார்கள். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள்ளேயே புகை நுழைந்து இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோகின்றன. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் உள்ளது 1993ஆம் ஆண்டுச் சட்டம். 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் அதன் அபராத முறையை மாற்றியது.

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று கவுன்சில் அறிவித்த இடத்தில் பொதுவான விதி இதுதான்: புகையில்லா எரிபொருள் என்று அங்கீகரிக்கப்பட்டவற்றை மட்டுமே எரிக்கலாம். ஆந்த்ரசைட் நிலக்கரியும், அங்கீகாரம் பெற்ற சில தயாரிப்புக் கட்டிகளும் அந்த வகை. விறகு அந்த வகை அல்ல. விறகு எரிக்க வேண்டுமானால், இந்த விதியிலிருந்து அரசின் விலக்குப் பெற்ற ஸ்டவ் வேண்டும். திறந்த கணப்பில், விறகு எவ்வளவு காய்ந்திருந்தாலும், எரிக்க முடியாது. கிறிஸ்துமஸ் அட்டையில் இருப்பதுபோல் கணப்பில் கட்டை எரியும் காட்சியை லண்டனின் பெரும்பாலான வீடுகளில் நீங்கள் சட்டப்படி உருவாக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். விலக்குப் பெறாத ஸ்டவ்வில் எரிப்பதற்காக அங்கீகாரமில்லாத எரிபொருள் வாங்கினால் 1,000 பவுண்டு வரை போகலாம். பகுதிக்கு வெளியே இருந்தாலும் முழுவதும் தப்பித்ததாக ஆகாது. அயலாருக்குத் தொடர்ந்து தொல்லையாக இருந்தால், 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியும்.

தைப்பொங்கலுக்குப் பின்வளவில் மூன்று கல் வைத்துப் பொங்கலாமா என்று கேட்பார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டடத்தின் புகைபோக்கியைப் பற்றியது. திறந்த வெளியில் மூட்டும் அடுப்பு அதில் வராது. அங்கே பார்க்க வேண்டியது அயலாருக்குத் தொல்லை இல்லாமல் செய்வது. முதல் நாளே அவர்களிடம் சொல்லி, காய்ந்த சுள்ளி வைத்து, பொங்கிய பிறகு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

படி 1: உங்கள் முகவரி எந்தப் பகுதியில்

கவுன்சில் இணையதளத்தில் வரைபடம் இருக்கும். இல்லாவிட்டால் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கவுன்சிலுக்குள் ஒரு தெரு உள்ளேயும் அடுத்த தெரு வெளியேயும் இருப்பதுண்டு. அடுக்குமாடி வீடு, குத்தகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். புகைபோக்கி உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

வெளியே இருக்கிறீர்களா? அப்படியிருந்தாலும் விலக்குப் பெற்ற ஸ்டவ்வையே வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, பகுதிகளின் எல்லையும் மாறக்கூடியது.

படி 2: புகைபோக்கி

ஸ்டவ்வைப் பார்க்கக் கடைக்குப் போகுமுன் புகைபோக்கி சுத்தம் செய்பவரை வரவழையுங்கள். கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பவராக இருந்தால் நல்லது. நாற்பது ஐம்பது வருடம் மூடிக் கிடந்த புகைபோக்கிக்குள் என்ன இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. என் வீட்டில் ஜாக்டா என்ற சிறிய காகத்தின் கூடு இருந்தது. ஒரு கூடு என்று நினைத்தால் தவறு: வருடாவருடம் அதே இடத்தில் சுள்ளியைப் போட்டுப் போட்டு, ஓர் ஆள் உயரத்துக்கு அடைத்திருந்தது. மூன்று பெரிய சாக்குகள் நிறைந்தன.

பழைய செங்கல் புகைபோக்கிகள் அகலமானவை. அதில் புகை சீக்கிரம் குளிர்ந்து, இழுவை குறைந்து, சுவரில் தார் படியும். அதனால்தான் இப்போது பெரும்பாலும் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை மேலிருந்து இறக்குகிறார்கள். அதில் 316 என்ற தரம் விறகுக்கு. நிலக்கரிக் கட்டிகளும் எரிக்கும் எண்ணம் இருந்தால் 904 என்ற தரம் வேண்டும், விலையும் கூடும். குழாயின் விட்டம் பொதுவாக 150 மில்லிமீட்டர். விலக்குப் பெற்ற ஸ்டவ்வுக்கு, தயாரிப்பாளர் சம்மதித்தால், 125 போதும். குழாயின் மொத்த உயரம் 4.5 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இழுவை போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கான செலவு பல வீடுகளில் ஸ்டவ்வின் விலையைத் தாண்டிவிடும். “ஸ்டவ் தள்ளுபடியில் கிடைத்தது” என்று முதலில் அதை வாங்கிவிட்டுப் பிறகு புகைபோக்கியைப் பார்ப்பவர்கள் அகப்படுவது இங்கேதான்.

படி 3: எத்தனை கிலோவாட்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுங்கள். 5 க்கு 4 மீட்டர் அறை, 2.4 மீட்டர் உயரம் என்றால் 48 கன மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 3.4 கிலோவாட். காற்றுப் புகும் பழைய வீடானால் கொஞ்சம் கூட்டலாம், வெப்பக்காப்பு நன்றாக உள்ள வீடானால் குறைக்கலாம். இது மேலோட்டமான கணக்குதான், ஆனால் கடையில் ஏமாறாமல் இருக்க இது போதும்.

“எதற்கும் பெரிதாக எடுப்போம்” என்ற நம் வழக்கமான புத்தி இங்கே வேலைக்காகாது. அந்த அறையில் 8 கிலோவாட் ஸ்டவ் வைத்தால் அரை மணியில் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். பிறகு என்ன செய்வீர்கள்? காற்றை அடைப்பீர்கள். காற்றை அடைத்தால் தீ மங்கும், புகை கூடும், தார் படியும். சிறிய ஸ்டவ்வில் தீ கொழுந்துவிட்டு எரிவதுதான் சுத்தம். பெரிய ஸ்டவ்வில் தீயைப் பட்டினி போட்டால் அழுக்குதான் வரும்.

5 கிலோவாட் வரை, பழைய வீடுகளில், தனிக் காற்றுத் துவாரம் கட்டாயமில்லை. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் அளவில் மூட முடியாத துவாரம் சுவரில் வேண்டும். காற்றுப் புகாதபடி கட்டிய புதிய வீடுகளில் முதல் கிலோவாட்டிலிருந்தே வேண்டும். சமையலறைப் புகை உறிஞ்சும் விசிறி அதே தளத்தில் இருந்தால் பொருத்துபவரிடம் சொல்லுங்கள். தாளிக்கும்போது அது ஓடினால் ஸ்டவ்வின் புகையையே அறைக்குள் இழுக்கக்கூடும். நம் வீடுகளில் அந்த விசிறி ஓயாமல் ஓடும்.

படி 4: பட்டியலும் முத்திரைகளும்

இங்கேதான் அதிகக் குழப்பம். கடையில் மூன்று பெயர்கள் காதில் விழும். மூன்றும் வேறு வேறு.

முதலாவது எக்கோடிசைன் என்ற மாசு, திறன் பற்றிய தர விதி. 2022 ஜனவரி 1 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் ஸ்டவ் எல்லாம் இதற்கு உட்பட வேண்டும். மூடிய கதவுள்ள விறகு ஸ்டவ்வுக்கு, வெளியேறும் புகையில் ஒரு கன மீட்டருக்குத் துகள் 40 மில்லிகிராமுக்கு மேலும் கார்பன் மோனாக்சைடு 1,500 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது, பருவகாலத் திறன், அதாவது எரிபொருளின் வெப்பத்தில் அறைக்குக் கிடைக்கும் பங்கு, குறைந்தது 65 சதவீதம் வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் இது இருப்பதாலேயே புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்கும் உரிமை வந்துவிடாது.

இரண்டாவதுதான் அந்த உரிமையைத் தருவது: டெஃப்ரா விலக்கு. சுற்றுச்சூழல் துறையான டெஃப்ரா, விலக்குப் பெற்ற ஸ்டவ்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. “எக்கோடிசைன் ரெடி, எனவே எங்கும் போடலாம்” என்று விற்பவர் சொன்னால், இந்தப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது கிளியர்ஸ்கைஸ் என்ற தர முத்திரை. 1 முதல் 5 வரை நிலைகள். 2 என்றால் எக்கோடிசைன் மட்டும். 3இலிருந்து மேலே எக்கோடிசைனும் டெஃப்ரா விலக்கும் சேர்ந்து உள்ளவை. 5 அவற்றிலும் குறைவாக மாசு விடுவது. என் ஆலோசனை: 5ஐத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் 4. முத்திரை எந்த நிலையானாலும் டெஃப்ரா பட்டியலை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டியலைப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. தயாரிப்பாளர் பெயரைக் கண்டதும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. மாடலின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே தோற்றம், ஒரே விலை, பெயரின் கடைசியில் ‘எஸ்இ’ என்ற இரண்டு எழுத்து மட்டும் வித்தியாசம் என்று வரும். அந்த எழுத்துள்ளது விலக்குப் பெற்றது, இல்லாதது பெறாதது என்றிருக்கும். அடுத்து, எந்த எரிபொருளுக்கு விலக்கு என்று பாருங்கள். விறகோடு நிலக்கரிக் கட்டியும் எரிக்கலாம் என்று ‘மல்டிபியூவல்’ பெயரில் விற்கும் ஸ்டவ் பலவற்றுக்கு விலக்கு விறகுக்கு மட்டும்தான் இருக்கும். பிறகு நிபந்தனைகள். எந்தக் கையேட்டின்படி இயக்க வேண்டும், என்ன உதிரிப்பாகம் பொருத்தியிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

அந்த உதிரிப்பாகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விறகு சூடேறும்போது அதன் எடையில் பெரும்பகுதி வாயுவாக வெளியேறுகிறது. வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. அது நெருப்புப் பெட்டியின் மேற்பகுதியில் சூடான காற்றோடு சேர்ந்து எரிந்தால் வெப்பம், எரியாமல் போனால் புகை. புதிய ஸ்டவ்களில் கண்ணாடிக்கு மேலிருந்து ஒரு காற்றும், பின்சுவரில் உள்ள சிறு துளைகள் வழியாக இன்னொரு காற்றும் வருவது இதற்காகத்தான். பின்துளைகளிலிருந்து கிளம்பும் தீ நாக்குகளைக் கவனித்துப் பாருங்கள், காற்றிலேயே தீப் பிடிப்பதுபோல் தெரியும். எரிவது அந்த வாயு.

இந்த மேல்காற்றை முழுவதும் அடைக்க முடியாதபடி தடுக்கும் சிறு திருகோ தகடோதான் விலக்குப் பெற்ற பல மாடல்களின் ரகசியம். சில தயாரிப்பாளர்கள் அதை ஆலையிலேயே பொருத்திவிடுகிறார்கள். சிலர் சிறிய பையில் போட்டுக் கையேட்டோடு அனுப்புகிறார்கள். அந்தப் பை பிரிக்கப்படாமலே இருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் உங்கள் ஸ்டவ் பட்டியலில் உள்ள ஸ்டவ் அல்ல. பொருத்தும் நாளில் காற்று நெம்பை மூடும் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கடைசிவரை போகாமல் ‘டக்’ என்று நிற்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் பவுண்டு செலவில் இந்தச் சத்தம்தான் முக்கியமானது.

பழைய ஸ்டவ் வாங்குவதானால் பின்பக்கத் தகட்டில் மாடல் பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கையேடு வேண்டும், மேலே சொன்ன திருகு வேண்டும். உள்சுவரின் வெளிர்நிற வெர்மிகுலைட் பலகைகளும், மேலே சாய்வாக நிற்கும் தடுப்புத் தட்டும் உடையாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள்.

படி 5: பொருத்துவது

நீங்களே பொருத்தச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன்கூட்டி அறிவித்து, கட்டணம் கட்டி, பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவு பெற்றவரிடம் கொடுத்தால் அவரே சான்றளிப்பார். அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார், காப்புறுதி நிறுவனமும் கேட்கலாம்.

வேலை முடிந்ததும் நீங்களே அளந்து பார்க்கக்கூடியவை சில உண்டு. ஸ்டவ்வின் அடியில் உள்ள கல்மேடை இரு பக்கமும் 150 மில்லிமீட்டர், கதவுக்கு முன்னால் 225 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தும் எரிக்கக்கூடிய மாடலானால் முன்னால் 300. மரத்தாலான மேற்சட்டம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். கல்மேடை, குழாய் பற்றிய விவரத் தகடு ஒன்று மின்பெட்டிக்குப் பக்கத்திலோ வேறு தெரியும் இடத்திலோ ஒட்டப்பட வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். கூரையில் என்றால் சுவரிலிருந்து குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளி. சுவரில் என்றால் கதவு, ஜன்னலுக்கு மேலே, ஆனால் கூரையிலிருந்து 150 மில்லிமீட்டராவது கீழே. ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்து, சளிக் காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திப் படுப்பவர்கள் எழும்புவதில்லை. சாமி அறையில் ஊதுபத்தி கொளுத்தும்போது சத்தம் போடுகிறது என்று யாராவது புகை அலாரத்தைக் கழற்றி வைத்திருந்தால், அதையும் இன்றே திரும்ப மாட்டுங்கள்.

படி 6: விறகு

2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ‘ரெடி டு பேர்ன்’ என்ற முத்திரையும் விற்பவரின் பதிவு எண்ணும் பையில் இருக்க வேண்டும். பையில் அடைத்த, புகை கக்கும் சாதாரண வீட்டு நிலக்கரி விற்பனை அன்றோடு நின்றது. உதிரியாக விற்பதும் 2023 மே 1இல் நின்றுவிட்டது. 2 கன மீட்டருக்கு மேல் வாங்கினால் ஈர விறகு வரலாம். அதை எப்படிக் காய வைப்பது என்ற குறிப்பை விற்பவர் தர வேண்டும்.

40 சதவீத ஈரம் என்றால் ஒரு கிலோ விறகில் 400 கிராம் தண்ணீர். முதலில் அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிட்டுத்தான் தீ வேறு வேலை பார்க்கும். அந்த நேரமெல்லாம் நெருப்புப் பெட்டி குளிர்ந்தே இருக்கும், வாயு எரியாமல் புகையாகப் போகும்.

இருபது பவுண்டுக்குள் ஈரமானி கிடைக்கும், இரண்டு ஊசி உள்ள சிறு கருவி. கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தி ஏமாறாதீர்கள். எனக்குக் கடிதம் வந்த மறுநாள் அந்த வலைப்பை விறகை அளந்தேன். வெளியே 18 காட்டியது. கோடாலியால் பிளந்து, புதிதாகத் தெரிந்த முகத்தில் குத்தினேன்: 33. கையால் தொட்டாலே ஜில்லென்று இருந்தது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டிங்’ என்று கலகலக்கும், ஈரம் ‘தொப்’ என்று அமுங்கும். அடுப்பில் வைத்ததும் கட்டையின் முனையில் நுரை கட்டிச் சீறினால் வேறு கருவியே வேண்டாம்.

ஆஷ், பிர்ச், ஓக் எல்லாம் நல்லவை. ஓக் காய இரண்டு வருடமாவது எடுக்கும். கூரை உள்ள, பக்கங்கள் திறந்த கொட்டிலில், நிலத்திலிருந்து உயர்த்தி, வெயிலும் காற்றும் படும் பக்கமாக அடுக்குங்கள். முழுவதும் தார்ப்பாய் போட்டு மூடினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பெயிண்ட் அடித்த பலகை, பழைய வேலிக் கம்பு, எம்டிஎஃப் என்ற அழுத்திய மரத்தூள் பலகை, உடைந்த தளபாடம் எதையும் போடாதீர்கள். பூச்சி அரிக்காமல் பதப்படுத்திய பழைய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம்.

எவ்வளவு செலவாகும் என்ற கணக்கு: காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம். 80 சதவீதத் திறனுள்ள ஸ்டவ் 4 கிலோவாட் தர வேண்டுமானால் மணிக்கு 1¼ கிலோ வேண்டும். மாலையில் ஐந்து மணி நேரம் எரித்தால் ஆறு கிலோவுக்கு மேல். உங்கள் ஊர் விறகு விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 7: மூட்டுவது

ஊரில் அடியில் பன்னாடையும் சுள்ளியும் வைத்து மேலே விறகை அடுக்குவோம். ஊதுகுழலால் ஊதி எழுப்புவோம். இந்த ஸ்டவ்வில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அடியில் பிளந்த கட்டை இரண்டு, இடைவெளி விட்டு. அதன்மேல் விரல் தடிப்புச் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு. உச்சியில் தீமூட்டிக் கட்டி ஒன்று. எல்லாக் காற்று வழிகளையும் முழுவதும் திறந்து, உச்சியில் பற்ற வையுங்கள்.

தீ மேலிருந்து கீழே இறங்கும். கீழே உள்ள கட்டை சூடாகி விடும் வாயு, ஏற்கெனவே எரியும் தீயின் வழியாகத்தான் மேலே போக வேண்டும். ஆகவே எரிந்தே போகும். குழாயும் சீக்கிரம் சூடாகி இழுவை பிடிக்கும். முதல் முறை செய்தபோது நம்பிக்கையில்லாமல் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்தாறு நிமிடம் மெல்லிய புகை வந்தது, பிறகு புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிவது மட்டுமே தெரிந்தது. கோடையில் தார் ரோட்டின் மேல் நெளியுமே, அதுபோல.

கட்டை நன்றாகப் பிடித்ததும் காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். தீ நாக்குச் சோம்பலாக ஆடினாலும் மஞ்சளாகத் தெளிவாக இருக்க வேண்டும். செம்மஞ்சளாகி முனையில் கரி பறந்தால் காற்றுப் போதவில்லை. குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால், பெரும்பாலானவற்றில் 115க்கும் 245 டிகிரிக்கும் இடைப்பட்டதுதான் சரியான எல்லை என்று குறித்திருக்கும். அடுத்த கட்டையைத் தீ அடங்கித் தணலாகும்போது போடுங்கள். ஒன்று, அல்லது சிறியதாக இரண்டு. போட்டதும் காற்றைச் சில நிமிடம் திறந்து, பிடித்ததும் குறையுங்கள். நெருப்புப் பெட்டியை நிரப்பாதீர்கள்.

இரவு முழுவதும் கனன்றுகொண்டிருக்கட்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். என் வீட்டுக் கண்ணாடி கறுத்ததும் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலை மூடியதும் அதனால்தான். படுக்கப் போகும்போது தீ தானாக அணையட்டும்.

பிறகு

குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை, நிறைய எரித்தால் நடுவில் இன்னொருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். படிந்த தார் ஒருநாள் தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள்ளிருந்து இரைச்சல் கேட்கும். அப்போது காற்று வழிகளை அடைத்து, எல்லோரையும் வெளியேற்றி 999ஐ அழையுங்கள். சுத்தம் செய்பவர்களுக்கு ஐப்பசியில் நேரம் கிடைக்காது, சித்திரையிலேயே பதிந்துவிடுங்கள். ஜாக்டா கூடு கட்டத் தொடங்குவதும் அந்தக் காலம்தான், குழாயின் வாயில் கம்பி வலைத் தொப்பி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கதவின் ஓரத்தில் உள்ள கயிறு தளர்ந்தால் காற்று உள்ளே கசியும். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும். கண்ணாடிக்கு ஸ்பிரே எதுவும் வாங்க வேண்டாம். ஈரத்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போதும், பாத்திரம் துலக்கிய அதே சாம்பல், அதே முறை. விறகு எரிப்பதற்கு அடியில் ஓரிரண்டு சென்டிமீட்டர் சாம்பல் இருப்பது நல்லது, அதைத் தினமும் வழித்து எடுக்காதீர்கள். எடுக்கும்போது மூடியுள்ள தகர வாளியில் எடுத்து, வீட்டுக்கு வெளியே, மரத் தரையிலிருந்து தள்ளி வையுங்கள். அணைந்ததாகத் தெரியும் தணல் சாம்பலுக்குள் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.